ஜப்பானைத் தோற்கடித்த அட்டவணை

கல்லூரி நூலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் யாரும் புத்தகம் கேட்டு வரப்போவதில்லை. அட்டவணை கேட்டுத்தான் வருவார்கள். "ஒரு சின்ன டேபிள் மேடம், பத்து நிமிஷ வேல" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும் புத்தி எனக்கு இருந்திருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் நூலகராக இருந்தது தர்மபுரிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் ரோட்டோரம் இருக்கும் ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியில். பி.எட்., எம்.எட். இரண்டும் உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்பக்கம் முழுக்கக் கேழ்வரகுக் காடு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் தாளாளர் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வார். அவர் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர். ஆலையில் டன் கணக்கில் யோசித்துப் பழகிய மனிதர், படிப்பையும் டன் கணக்கிலேயே பார்த்தார்.

கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிற வருஷம் அது. சென்னையில் ஏதோ ஒரு ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்த தாளாளர், அங்கே திரையில் யாரோ காட்டிய படத்தைப் பார்த்து மயங்கித் திரும்பியிருந்தார். என்னையும் பிரின்சிபாலையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சைனா எவ்ளோ, ஜப்பான் எவ்ளோ, மலேசியா எவ்ளோ, நாம எவ்ளோ. எஜுகேஷன்ல யாரு எத்தன ரிசர்ச் பண்ணியிருக்காங்கன்னு ஒரு ஒப்பீடு போடுங்க. நம்ம காலேஜ் பேருல ஆசியா லெவல்ல ஒண்ணு இருக்கணும்."

கேள்வி நல்ல கேள்விதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஒவ்வொரு நாடும் தன் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று எவ்வளவு அக்கறையாகத் தேடுகிறது என்று பார்க்க ஒரு ஆயுளையே செலவழிக்கலாம். எங்களுக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள். நான் மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சந்தா கட்டி வாங்கியிருந்த தரவுத்தளத்தில் நாட்டின் பெயரைக் கொடுத்தேன், 'கல்வி' என்று துறையைக் கொடுத்தேன், வந்த எண்ணை எடுத்துக் கட்டத்தில் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆசியா முடிந்துவிட்டது.

சீனா எங்கேயோ உயரத்தில் இருந்தது. அடுத்து நாம். ஜப்பான் நமக்கு வெகு கீழே கிடந்தது. பிரின்சிபால் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஜப்பானையே அடிச்சிட்டோம் மேடம்!"

அன்று மாலை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். ஜப்பான் தோற்றது ஜப்பானுக்குத் தெரியாது. நாங்கள் இனிப்புத் தின்றோம்.

அட்டவணையில் இன்னொரு பத்தியும் போட்டிருந்தேன். ஒரு கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்து மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு அது. அந்தப் பத்தியில் நாம் இருந்த இடத்தைப் பார்த்தால் மைசூர்பாகு தொண்டையில் சிக்கும். பிரின்சிபால் அதைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் கண்டுபிடித்தார்.

"இந்தப் பத்தி எதுக்குங்க மேடம்? பக்கத்துல இடம் பத்தல. எழுத்து பொடிசா ஆயிடுது."

நான் நீக்கினேன். எழுத்து பெரிதாகத்தான் வந்தது. முப்பது வருஷ அனுபவமுள்ள ஒரு நூலகர், பக்கத்தில் இடமில்லை என்ற காரணத்துக்காக உண்மையை வெளியே தள்ளினாள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. வாதாடச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

நமக்கு இவ்வளவு பெரிய எண் எங்கிருந்து வந்தது என்று ஆர்வம் பிறந்து, எங்கள் பக்கத்துக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒரே வினாத்தாள், ஒரே முந்நூறு மாணவர்கள், தலைப்பில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். முடிவும் மாறாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இல்லை. அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இல்லவே இல்லை. இத்தனை சமத்துவமான நாட்டில் இருப்பது தெரியாமல் நாம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் தேடி அலைந்துகொண்டிருக்கிறோம்.

வேறுபாடு ஏன் வராது என்று எங்கள் கல்லூரி வாட்ச்மேனைக் கேட்டால்கூடச் சொல்லுவார். பயிற்சிக்குப் போகும் பி.எட். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கட்டு வினாத்தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் பஸ் ஸ்டாண்டு நிழலில் வட்டமாக உட்கார்ந்து, நாலு கலர் பேனாவில், தாங்களே முந்நூறு மாணவர்களாக மாறி நிரப்பிக்கொண்டு வருவார்கள். கையெழுத்து மாறவேண்டும் என்று சிலர் இடது கையால் எழுதுவார்கள். அந்தத் தாள்களை மேல்நாட்டு மென்பொருளில் போட்டு, இரண்டு தசம இடம் வரைக்கும் துல்லியமாக விடை எடுப்பார்கள்.

எங்கள் பிரின்சிபாலின் கட்டுரையும் அதில் ஒன்று. சித்தேரி மலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு பயம் எவ்வளவு என்று அளந்திருந்தார். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மாதேஸ்வரி உள்ளே வந்தாள்.

மாதேஸ்வரி எங்கள் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் புதுப்பித்தால்தான் வேலை. ஓசூர் கம்பெனியில் அவள் கணவனுக்கு வேலை போயிருந்த நேரம், வீடு முழுக்க அவள் தலையில் இருந்தது. வகுப்பில்லாத நாளெல்லாம் பஸ் மாறி மாறி சித்தேரி மலைக்குப் போய்வருவாள். இரண்டு வருஷம் அப்படிப் போய், தமிழில் ஒரு ஆய்வு எழுதி, டைப் அடித்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, ஒரு பிரதியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். கட்டுரையின் ஊர்ப் பெயரை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அந்தூரு பள்ளிக்கூடம் எட்டாவதோட முடிஞ்சிருதுங்க. ஒம்பதாவதுக்கே கீழ எறங்கணுமுங்க. இவரு பத்தாவது பசங்கள எங்க புடிச்சாரு?"

"சத்தமாப் பேசாதம்மா" என்றேன். எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பயந்து நடுங்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையும் சேர்ந்துதான் ஜப்பானைத் தோற்கடித்திருக்கிறது. எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அடுத்த வாரம் வரைக்கும்.

அடுத்த வாரம் தாளாளர் மறுபடி கூப்பிட்டார். ஆசியா அட்டவணை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "இதே மாதிரி நம்ம ஸ்டாஃபுக்கும் ஒண்ணு போடும்மா. இதே கணக்கு, இதே கட்டம். யாரு எத்தனன்னு தெரியட்டும். முட்ட வாங்குனவங்களுக்கு ஜூன்ல ஆர்டர் கெடையாது" என்றார்.

போட்டேன். பிரின்சிபாலுக்கு எங்கள் கல்லூரியிலேயே பெரிய எண் வந்தது. மாதேஸ்வரிக்கு முட்டை. அவளுடைய ஆய்வு எந்த இதழிலும் வரவில்லை, ஆங்கிலத்தில் இல்லை, தரவுத்தளத்துக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. என் மேசை இழுப்பறைக்குள் அவள் எழுதிய ஆய்வு இருந்தது, நான் அதை முழுக்கப் படித்திருந்தேன், எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான் என்பதும் தெரியும். தெரிந்துதான் முட்டை போட்டேன்.

அவள் அட்டவணையைப் பார்த்துவிட்டு நேராக நூலகத்துக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஆசியா அட்டவணையை எடுத்துத் தரச் சொன்னாள். விரலை ஜப்பான் மேல் வைத்தாள்.

"ஜப்பான்காரங்க அவங்க பாஷையில எழுதுறத இதுல எங்கீங்க மேடம் எண்ணுனீங்க?"

"எண்ணலம்மா. இதுல பெரும்பாலும் இங்கிலீஷ்தான் வரும்."

"அப்ப ஜப்பானுக்கும் எனக்கும் ஒரே வியாதிதானுங்க. அவங்க பெரிய நாடு, தாங்கிக்குவாங்க. எனக்கு ஜூன்ல வேல போயிருமுங்களே."

அந்த நிமிஷம் பேனாவை எடுத்து இரண்டு அட்டவணைக்கும் அடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இது ஆங்கிலத்தில் வந்ததை மட்டும் எண்ணியது, அவரவர் மொழியில் எழுதியது இதில் இல்லை. அந்த ஒரு வரிதான் முழு ஒப்பீட்டிலும் உண்மையாக இருந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாளாளர் கேட்ட ஃபார்மெட் அதும்மா" என்றேன். இந்த வாக்கியத்தை நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் எப்படி ஒலிக்கிறது என்று கவனியுங்கள். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

குழு வந்தது. ஆசியா ஒப்பீட்டைத் தாளாளர் ஃபிளெக்ஸில் அடித்து, நூலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தார். ஒரு மூலையில் அவர் படம், கும்பிட்ட கையோடு. குழுவின் தலைவர் பெங்களூர்ப் பக்கத்துக்காரர், வயதானவர், கன்னட வாடையோடு தமிழ் நன்றாகப் பேசினார். எல்லா இடத்திலும் காபியை மறுத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தவர், அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்றுவிட்டார். தாளாளருக்கு முகமெல்லாம் பல்.

"இது யாரு போட்டது?"

"நான்தாங்க."

"நல்லது. இந்த எண்ணுக்குள்ள உங்க காலேஜ் பேப்பரும் இருக்குது இல்லையா? அதுல நீங்க எதையெல்லாம் படிச்சீங்கம்மா?"

எத்தனையோ குழுவைப் பார்த்திருக்கிறேன். எத்தனை புத்தகம், எத்தனை இதழ், எத்தனை நாற்காலி என்றுதான் கேட்பார்கள். படித்தாயா என்று ஒரு நூலகரை யாரும் கேட்டதில்லை. பிரின்சிபால் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். தாளாளர் சிரிப்பை நிறுத்தவில்லை, அப்படியே உறைந்துபோயிருந்தது. எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. எல்லாம் படித்தேன், எல்லாம் அருமை என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அவர் அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. "ரெண்டு படிச்சேங்க. ஒண்ணு இந்த டேபிளுக்குள்ள இருக்குது, அத நம்ப முடியாது. இன்னொண்ண நம்பலாம், அது இந்த டேபிள்ல இல்ல" என்றேன்.

மனிதர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "நம்பக்கூடியதைக் காட்டுங்க" என்றார்.

மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் சுருள் கம்பிக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. எழுதியவரைக் கூப்பிடச் சொன்னார். மாதேஸ்வரி வகுப்பிலிருந்து சாக்பீஸ் கையோடு வந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன ஆராய்ச்சிம்மா இது?"

"பசங்க கேக்குற கேள்விங்க சார். ரெண்டு வருசம் மலையில பசங்க என்ன கேட்டாங்களோ அத மட்டும் எழுதிக்கிட்டு வந்தேனுங்க. கிளாசுக்குள்ள பெரும்பாலும் ஒரே கேள்விதானுங்க, 'மிஸ், வெளிய போலாமா?' பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர்றப்பதான் மத்ததெல்லாம் கேப்பாங்க. மழ வர்றது எறும்புக்கு யாரு சொன்னாங்க? கரண்டு மல ஏறி வர்றப்ப எளைச்சுப் போவுமா? இப்படிங்க."

குழுவில் ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "சரி, இதுலேருந்து என்ன தெரிஞ்சுது?"

"ஒரு வாத்தியாரு கிளாசுல மட்டும் கேள்வி நெறையா வந்துதுங்க. ஏன்னு மொதல்ல புரியல. அவரு ஒருத்தருதானுங்க, 'எனக்குத் தெரியல, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்'னு பசங்ககிட்டச் சொல்லுவாரு. அப்படிச் சொன்ன மறுநாளு கேள்வி கூடிருதுங்க. எல்லாந் தெரிஞ்ச வாத்தியாருகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க."

"கரண்டு கேள்விக்கு அவரு என்ன சொன்னாரு?"

"கரண்டு ஆபீசுல கேட்டுட்டு வர்றேன்னாருங்க. நெசமாவே எறங்கிப் போயிக் கேட்டுட்டு வந்தாருங்க."

தலைவர் தன் சொந்த நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ப முடியாதது எதும்மா?" என்றார். பிரின்சிபாலின் நெற்றி வேர்த்திருந்தது. நான் என்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்வேன் என்று இதுவரை எதிர்பார்த்திருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். "தலைப்பு ஞாபகத்துல இல்லீங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது. அடுத்த அறைக்கு நடந்துவிட்டார்.

குழுவின் அறிக்கை வந்தது. கல்லூரிக்கு எதிர்பார்த்த தரம் கிடைத்துவிட்டது, அந்த அதிசயத்தை நான் விளக்க முயலவில்லை. ஆனால் அறிக்கையில் ஒரு வரி, மலைப் பிள்ளைகளின் கேள்விகள் பற்றிய ஆய்வைப் பாராட்டியிருந்தது. வேறு எந்த ஆய்வைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. ஆசியாவைப் பற்றியும் இல்லை. அந்த ஒரு வரி தாளாளரின் கண்ணில் பட்டதும், அதுவரைக்கும் முட்டையாக இருந்தது பொன்முட்டை ஆகிவிட்டது.

மாதேஸ்வரியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆய்வை ஆங்கிலத்தில் மாற்றி ஒரு இதழில் போடுவது, கட்டணம் கல்லூரியே கட்டும். முதல் பெயர் பிரின்சிபால், இரண்டாவது தாளாளர், மூன்றாவது மாதேஸ்வரி. சம்மதித்தால் ஜூன் ஆர்டர் கையில். மாங்கூழ் விற்பவர் எறும்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஆராய்ந்தவர் ஆகப்போகிறார். மலை இருக்கும் திசைகூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

அவள் என்னிடம் வந்து, "என்னங்க மேடம் பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

குழுவின் முன்னால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்ற களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை போலும். "பேரத்தான கேக்கறாங்க, போட்டுக்கிட்டுப் போவட்டும் கண்ணு. வூட்டு நெலமையப் பாரு, வேல முக்கியம்" என்றேன்.



"பேரு போனா போவுதுங்க மேடம். ஆனா பிரின்சிபால் சாரு பத்தாவதே இல்லாத பள்ளிக்கூடத்துல பத்தாவது பசங்களக் கேட்டவருங்க. அவரு பேரு மேல இருந்தா, எம்பசங்க கேட்டதும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதுனதுன்னுதான நெனப்பாங்க? கரண்டு எளைக்குமான்னு கேட்டது அஞ்சாவது படிக்கிற ஒரு புள்ளதானுங்க. அது நெசமாவே கேட்டுதுங்க."

அவமானமாக இருந்தது. அவளுடைய வயதில் பாதிகூட இல்லாத ஒரு குழந்தையின் கேள்வியைக் காப்பாற்ற அவள் சம்பளத்தை விடப் பார்க்கிறாள். நான் ஏழு மாதத்தைக் காப்பாற்ற ஒரு தலைப்பை மறந்தேன்.

மறுநாள் வந்து அந்தச் சுருள் கம்பிக் கட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பையில் வைக்கும்முன் நின்று, "இத நூலக ரிஜிஸ்டர்ல ஏத்தியிருக்கீங்களா மேடம்? கையெழுத்து ஏதாச்சும் போடணுங்களா?" என்றாள்.

ஏற்றவில்லை. பதிப்பகம் இல்லை, விலை இல்லை, அட்டையில் எண் இல்லை; எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வருஷமாக மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். இல்லை என்று தலையாட்டினேன். "அப்பச் சரிங்க" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏற்றியிருந்தால், இது கல்லூரியின் புத்தகம், யார் எழுதியது என்று இங்கே பதிந்திருக்கிறது, பெயரை மாற்ற யாருக்கும் உரிமையில்லை என்று தாளாளர் முன்னால் பதிவேட்டைத் திறந்து காட்டியிருக்கலாம். ஒரு வரி எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆசியாவையே அரை நாளில் முடித்தவள் நான்.

ஜூனில் அவளுக்கு ஆர்டர் வரவில்லை. நல்லம்பள்ளியில் தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டேன். மலைக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை என்றும் சொன்னார்கள். பிரின்சிபாலுக்கு மேலும் இரண்டு கட்டுரைகள் வந்தன. அவற்றையும் எண்ணி எழுதியது நான்தான்.

ஆகவே உங்களுக்கு என் புத்திமதி இவ்வளவுதான். அட்டவணை கேட்டால் போடுங்கள், வேலை அது. எதை எண்ணவில்லை என்று அடியில் எழுதுங்கள், எழுத்து பொடிசானாலும் பரவாயில்லை. அதற்கும் முன்னால், கையில் கொடுத்ததைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் எம்.எட். சேர்ந்திருந்த ஒரு பெண் வந்தாள். மலைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று தமிழில் ஏதாவது நல்ல ஆய்வு இருக்கிறதா என்று கேட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு துண்டுத் தாளில் மாதேஸ்வரியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் ஒண்ணும் போடலீங்களே. இது எந்த ரேக்குல இருக்கும் மேடம்?"

"ரேக்குல இல்ல கண்ணு, நல்லம்பள்ளி பஸ் ஏறு" என்றேன்.